வெள்ளத்தை அளந்த வித்தகர்

முன்னுரை

நீர் உயிர்களுக்கு உறுதுணை. அந்நீரே அளவு கடந்து பெருகுமாயின் உயிர்களுக்கு உறுபகையாகி விடுகின்றது. மழை பொய்த்த காலத்தில் வானை நோக்கிக் கைகூப்பும் உழவனே, மழை மிகுந்த காலத்தில் வீட்டையும் மாட்டையும் இழந்து கலங்கி நிற்கின்றான். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவப் பெருந்தகை, மழையின் ஆக்கும் ஆற்றலையும் அழிக்கும் ஆற்றலையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தமைக்குக் காரணம் இதுவேயாகும்.

இவ்விரு நிலைகளையும் மாறி மாறிக் கண்டவர்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் மக்கள். காவிரியாறு மேட்டூரில் மலைகளை விட்டு இறங்கி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் முதலிய ஊர்களைத் தழுவிச் செல்கின்றது. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் சமவெளியைக் கடந்து அக்காவிரியோடு கலக்கின்றன. கிழக்கே வசிட்ட நதியும் சுவேத நதியும் ஆத்தூர்ப் பகுதியை வளப்படுத்தி வெள்ளாற்றை நோக்கி விரைகின்றன. இவற்றுள் சிற்றாறுகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெரியக் கிடப்பவை. மலையில் பெருமழை பெய்த நாளில் மட்டும் கரை புரண்டு வருபவை. ஆதலின், இவை ஆறுகள் என்பதையே மக்கள் மறந்து விடுவதும் உண்டு.

வெள்ளம் வந்தபோது அழுவதும், வடிந்தபின் மறப்பதும் உலகின் இயல்பு. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்க்குங்கூட, நீர் எவ்வளவு உயரம் வரும், எந்தத் தெருவில் முதலில் புகும், எந்த வீட்டை முதலில் கொள்ளும் என்பவை தெரிவதில்லை. வெள்ளம் வருமுன்னரே அதனை அளந்தறிய இயலும்; அளந்தறிந்தால் உயிர்களைக் காக்கவும் இயலும் என்று செய்து காட்டிய அறிஞர் ஒருவர், காவிரியின் மேற்பகுதி நாடாகிய மைசூரில் தோன்றினார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரையா ஆவார். அவர்தம் வாழ்க்கையையும், வெள்ளத்தைப் பற்றி அவர் ஆற்றிய பணியையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

விசுவேசுவரையா 1861-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஅள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாச சாத்திரியார் வடமொழியில் வல்லவர், தாயார் வேங்கடலட்சுமம்மையார். கல்வியும் நல்லொழுக்கமும் அக்குடும்பத்திற்கு இருந்தனவேயன்றிச் செல்வம் இருந்ததில்லை. விசுவேசுவரையா இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னையாரின் உறுதியும் தாய்மாமனின் ஆதரவும் அவரைப் பெங்களூருக்குக் கொண்டு சேர்த்தன.

பெங்களூரில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அதனால் வந்த சிறு வருவாயைக் கொண்டு அவர் மத்தியக் கல்லூரியில் பயின்றார். 1881-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்தமையால் புனா நகர் சென்று பொறியியல் கற்றார். 1883-ஆம் ஆண்டுத் தேர்வில் முதல்வராய் விளங்கினார். பிறர் பொருளில் கற்ற கல்வி பிறர்க்கே பயன்பட வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. அவ்வேர் நூறாண்டு வரை வாடவில்லை.

பணியின் தொடக்கம்

1884-ஆம் ஆண்டில் அவர் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராய் அமர்ந்தார். கான்தேசப் பகுதியில் பாஞ்சரா ஆற்றின் குறுக்கே குழாய் வழியே நீரைக் கொண்டு செல்லும் அமைப்பைக் கட்டுவது அவருடைய தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. மழையும் வெள்ளமும் அவ்வேலைக்கு இடையூறு விளைத்தன. ஆறு என்பது ஏட்டில் வரைந்த கோடு அன்று, பருவந்தோறும் உருமாறும் உயிருள்ள பொருள் என்பதை இளம் பொறியாளர் அங்கே கண்கூடாக உணர்ந்தார். பின்னர்ச் சிந்து நாட்டின் சுக்கூர் நகருக்குச் சிந்தாற்றிலிருந்து குடிநீர் வழங்கும் பணியையும் அவர் திறம்பட முடித்தார்.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது புனாவை அடுத்த கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் 1903-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த தானியங்கிக் கதவுகளாகும். நம் ஊர் ஏரிகளில் கலிங்கு என ஒன்று உண்டு. ஏரி நிரம்பினால் மிகுநீர் அதன் வழியே வழிந்தோடும். கலிங்கு இல்லையேல் நீர் கரையின் மேல் ஏறி, கரையையே உடைத்து விடும். கடக்வாசலாவிலும் மழைக்காலத்தில் மிகுநீர் வீணே வழிந்தோடியது; கோடையிலோ நீர் போதவில்லை. கரையை உயர்த்திக் கட்டினால் பெருஞ்செலவாகும். விசுவேசுவரையா கலிங்கின் மேல் கதவுகளைப் பொருத்தினார். நீர் குறித்த மட்டம் வரும் வரையில் அக்கதவுகள் மூடியிருக்கும். அதற்கு மேல் ஏறினால் நீரின் விசையாலேயே தாமே திறந்து கொள்ளும். நீர் குறைந்தால் தாமே மூடிக்கொள்ளும். இதனால் கரையை உயர்த்தாமலே சில அடி உயரத்திற்கு நீரைக் கூடுதலாகத் தேக்க முடிந்தது. வெள்ளத்தோடு மல்லுக்கு நில்லாமல், அதற்கு உரிய வழியை உரிய நேரத்தில் விட்டு, எஞ்சியதைத் தேக்கிக் கொள்வதே அறிவுடைமை என்பதை இக்கதவுகள் உலகிற்கு உணர்த்தின.

மூசி ஆற்றுப் பெருவெள்ளம்

1908-ஆம் ஆண்டில் அவர் பம்பாய் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மேலை நாடுகளைக் காணச் சென்றிருந்தார். அப்பொழுது ஐதராபாத் நகரில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது.

ஐதராபாத் நகரின் நடுவே மூசி என்னும் ஆறு ஓடுகின்றது. அனந்தகிரி மலையில் தோன்றும் அவ்வாற்றுடன் ஈசி என்னும் சிற்றாறு நகருக்கு மேற்கே வந்து கூடுகின்றது. நம் திருமணிமுத்தாற்றைப் போலவே மூசியும் பெரும்பாலான நாட்களில் மெலிந்து ஓடும் ஆறுதான். அதனால் மக்கள் அஞ்சாமல் அதன் கரையை ஒட்டி நெருக்கமாக வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். செப்டம்பர்த் திங்கள் இறுதியில் வானம் பிளந்தாற்போல மழை பெய்தது. சம்சாபாத் என்னுமிடத்தில் ஒரே நாளில் 12 அங்குலத்திற்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. 28-ஆம் நாள் மூசி ஆறு கரைகளைக் கடந்து நகருக்குள் புகுந்தது. பாலங்களின் மேல் நீர் ஏறிற்று. மண்சுவர்கள் கரைந்தன. மாளிகைகளும் சரிந்தன. ஏறத்தாழ 15,000 மக்கள் மாண்டனர் என்பர். பல்லாயிரம் வீடுகள் அழிந்தன.

அப்சல்கஞ்சுப் பகுதியில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. நீர் சூழ்ந்தபோது ஏறத்தாழ 150 பேர் அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினர் என்று அந்நகரத்தார் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். ஒரு மரம் காத்த உயிர் 150. அவ்வெள்ளம் வரும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் எத்துணை ஆயிரம் உயிர்களைக் காத்திருக்கலாம்! பேரிழப்புக்கு ஆளானவர்கள் கரையை அடுத்த தாழ்விடங்களில் வாழ்ந்தோரே ஆவர். மழை எல்லார் மேலும் ஒன்றுபோலப் பெய்கின்றது. ஆனால் வெள்ளம் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. தாழ்ந்த இடமும், வலுவற்ற சுவரும், விரைந்து நடக்க இயலாத கால்களும் உடையவரையே அது முதலில் பற்றுகின்றது. வெள்ளத்தைப் பற்றி அறிய விழைவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவேயாகும்.

அளந்தறிந்த அறிவு

நகரைச் சீரமைக்கவும், மீண்டும் இத்தகைய இடர் நேராமல் காக்கவும் வழி கூறுமாறு நிசாம் அரசு விசுவேசுவரையாவை வேண்டிற்று. அயல்நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பிய அவர் 1909-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அப்பொறுப்பை ஏற்றார்.

துயருற்ற நகரைக் கண்டவுடன் உயர்ந்த கரை ஒன்றைக் கட்டுங்கள் என்று கூறிவிட்டுப் போவது எளிது. அவர் அவ்வாறு கூறவில்லை. வெள்ளம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது, ஏன் அவ்வளவு விரைவாக வந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண முற்பட்டார். நோயின் முதலை நாடாமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை யாரேனும் போற்றுவரோ?

ஆற்றின் ஒரு குறிப்பிட்ட இடத்திற்கு மழைநீரை அனுப்பும் நிலப்பரப்பு முழுவதையும் அவ்விடத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஐதராபாத் நகர் வரையில் 862 சதுர மைல் என்று கணக்கிடப் பெற்றது. அப்பகுதியில் பெய்த மழையின் அளவு தெரிய வேண்டும். மழைமானிகளோ நிசாம் நாட்டில் போதிய அளவில் இல்லை. எனவே, அண்டை மாகாணங்களில் பெய்த பெருமழைகளின் பதிவுகளையும் திரட்டி ஒப்பிட்டு, எத்தகைய மழை எவ்வளவு பரப்பில் பெய்யக்கூடும் என்பதை அவர் ஆராய்ந்தார். ஆறு நகரில் ஏறி நின்ற உயரத்தையும் ஆற்றின் அகலத்தையும் நீரின் விரைவையும் கொண்டு, விநாடிக்கு எத்தனை கன அடி நீர் வந்திருக்கும் என்று கணித்தார்.

பின்னர் ஏரிகளை எண்ணினார். அந்நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. அஃதாவது, சதுர மைலுக்கு ஏறத்தாழ ஓர் ஏரி. முன்னோர் வெட்டிய அவ்வேரிகள் தொடர் ஏரிகளாகும். மேல் ஏரியின் மிகுநீர் கீழ் ஏரிக்கும், அதன் மிகுநீர் அதற்குக் கீழ் உள்ள ஏரிக்கும் செல்லும் வண்ணம் அவை அமைந்திருந்தன. நம் சேலம் மாவட்டத்து ஏரிகள் பலவும் இவ்வகையினவே. இத்தகைய ஏரிகள் நல்ல நிலையில் இருக்கும் வரை வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தும் தோள்களாய் நிற்கும். ஆனால் மேல் ஏரி ஒன்று உடையுமாயின், அந்நீர் முழுவதும் கீழ் ஏரியின் மேல் ஒருங்கே வந்து பாயும். அதன் கலிங்கு அவ்வளவு நீரை விட இயலாமையால் அதுவும் உடையும். இவ்வாறே தொடர் முழுவதும் உடைந்து வரும். 1908-ஆம் ஆண்டு மழையில் 788 ஏரிகளுள் 221 ஏரிகள் உடைந்தன என்று அவர் கண்டறிந்தார். வானம் பெய்த நீரோடு ஏரிகள் உமிழ்ந்த நீரும் சேர்ந்தமையாலேயே மூசி அவ்வளவு விரைவில் அவ்வளவு உயரம் எழுந்தது.

மக்கள் கண்ணுக்கு வெள்ளம் தெரிந்த இடம் ஐதராபாத் நகரம். விசுவேசுவரையாவின் கண்ணுக்கோ அது பிறந்த இடமாகிய 862 சதுர மைல் நாட்டுப்புறம் தெரிந்தது. அந்நாட்டுப்புறத்து ஏரிக்கரை ஒன்றின் சிறு விரிசலுக்கும் நகரத்தில் ஒரு குழந்தையின் உயிருக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் எண்களால் நிறுவிக் காட்டினார்.

நஞ்சு அமுதானது

ஆறு திங்களுக்குள், 1909 அக்டோபர்த் திங்கள் தொடக்கத்தில், அவர் தம் அறிக்கையை அரசிடம் அளித்தார். நகருக்கு மேலே மூசி ஆற்றின் குறுக்கே ஒன்றும், ஈசி ஆற்றின் குறுக்கே ஒன்றுமாக இரு பெரும் நீர்த்தேக்கங்களைக் கட்ட வேண்டும். பெருவெள்ளம் வருங்கால் அவை அதனைத் தாங்கி, நகரம் பொறுக்கும் அளவே நீரை வெளியே விட வேண்டும் என்பது அதன் சாரம். ஆற்றின் கரைகளை உயர்த்திச் சாலைகளும் பூங்காக்களும் அமைக்க வேண்டும் என்றும், கழிவுநீர்ச் சாக்கடைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் அவர் கூறினார்.

அத்திட்டம் ஏட்டளவில் நின்று விடவில்லை. மூசியின் மேல் உசுமான் சாகர் 1920-ஆம் ஆண்டிலும், ஈசியின் மேல் இமாயத் சாகர் 1927-ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப் பெற்றன. நகரைக் கொன்ற அதே நீர், தேக்கி வைக்கப் பெற்றபின் நகரின் குடிநீராயிற்று, நஞ்சு அமுதாயிற்று. 1912-ஆம் ஆண்டில் நகரச் சீரமைப்பு வாரியம் ஒன்று நிறுவப் பெற்றது. நெருக்கமான சேரிகளில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு வேறு இடங்களில் நல்ல வீடுகளைக் கட்டித் தரும் பணியை அவ்வாரியம் மேற்கொண்டது. அணையால் நீரைத் தடுப்பது ஒரு காப்பு. இடர் மிக்க இடத்திலிருந்து மனிதரை நல்லிடத்தில் குடியேற்றுவது மற்றொரு காப்பு. இரண்டும் சேர்ந்ததே முழுக் காப்பாகும்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஒரு தலைமுறை அளந்தறிந்ததை அடுத்த தலைமுறை மறந்து விடுமாயின் பயன் இல்லை. ஐதராபாத் பன்மடங்கு பெருகியபோது, ஏரிகள் பல சுருங்கின. நீர் வரத்து வாய்க்கால்களின் மேல் கட்டடங்கள் எழுந்தன. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழை பெய்தபோது நகரின் பல குடியிருப்புகள் மீண்டும் நீரில் மூழ்கின. ஏரி இருந்த இடம் வீடாகலாம். ஆனால் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

காவிரியும் கண்ணம்பாடியும்

1909-ஆம் ஆண்டு நவம்பரில் விசுவேசுவரையா தம் தாய்நாடாகிய மைசூரின் தலைமைப் பொறியாளரானார். 1911-ஆம் ஆண்டில் கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே கிருட்டிணராச சாகர் அணையின் வேலை தொடங்கிற்று. அதன் நீரைப் பங்கிடுவதில் மைசூர், சென்னை அரசுகளுக்கிடையே கருத்து வேற்றுமை எழுந்து, 1924-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அணை 1931-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. கடக்வாசலாவில் அவர் கண்ட தானியங்கிக் கதவுகள் இவ்வணையிலும் இடம் பெற்றன. 1912 முதல் 1918 வரை அவர் மைசூரின் திவானாகவும் விளங்கி, பல்கலைக்கழகம், வங்கி, தொழிற்சாலை எனப் பல நிலையங்கள் தோன்றக் காரணமானார்.

உடன்படிக்கை ஏற்பட்ட அதே 1924-ஆம் ஆண்டின் சூலைத் திங்களில் காவிரி பெருவெள்ளமாய்ப் பொங்கிற்று. கரையோர ஊர்கள் பல அழிந்தன. நம் பகுதியின் முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்த பெருவெள்ளம் இதுவே. அதற்கு அடுத்த ஆண்டில் மேட்டூர் அணையின் வேலை தொடங்கியது. எல்லிசு என்னும் பொறியாளரின் வடிவமைப்பில் உருவாகி, 1934-ஆம் ஆண்டில் அது நிறைவு பெற்றது. மேட்டூர் அணை விசுவேசுவரையா கட்டியது அன்று. எனினும், மேலே கண்ணம்பாடியும் கீழே மேட்டூருமாக ஒரே ஆற்றின் மீது நிற்கும் அவ்விரு அணைகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கியே இயங்க வேண்டியவை. மேலே விட்ட நீர் கீழே வந்தே தீரும். இவ்விரு அணைகளுக்காகவும் தம் ஊர்களையும் நிலங்களையும் கோயில்களையும் நீருக்குள் விட்டுப் பெயர்ந்து சென்ற மக்களையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

முதுமையிலும் தளராமை

1937-ஆம் ஆண்டில் ஒரிசா நாடு வெள்ளத்தால் பெரிதும் நலிந்திருந்தது. காந்தியடிகளின் வேண்டுகோட்கு இணங்க, எழுபத்தாறு வயதை எட்டிய விசுவேசுவரையா அந்நாட்டு ஆறுகளைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1939-ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் அறிக்கை அளித்தார். மகாநதியின் நீரைத் தேக்கங்களில் நிறுத்த வேண்டும் என்னும் கருத்து நாளடைவில் வலுப்பெற்று, 1957-ஆம் ஆண்டில் கீராக்குட் அணையாய் நிறைவேறிற்று.

1955-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்தினம் என்னும் உயர்ந்த விருதை அளித்தது. நூறாண்டு நிறைவுற்றபின், 1962-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவர் பெங்களூரில் இயற்கை எய்தினார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஆம் நாளை இந்திய நாடு பொறியாளர் நாளாகக் கொண்டாடி வருகின்றது.

நம் சமவெளிக்கு அவர் காட்டும் வழி

மாணவர்களே! ஐதராபாத்தில் நிகழ்ந்தது நமக்கு எதற்கு என்று எண்ணலாகாது. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 9,347 கோடி கன அடி. அணையில் இடம் உள்ளவரை அது வெள்ளத்தை வாங்கிக் கொள்ளும். நிரம்பிய பின்னரோ, வருகின்ற நீர் அனைத்தையும் வெளியே விடுவதன்றி வேறு வழி இல்லை. 2018-ஆம் ஆண்டு ஆகத்திலும் 2022-ஆம் ஆண்டு ஆகத்திலும் விநாடிக்கு 2 இலட்சம் கன அடி அளவில் நீர் திறந்து விடப் பெற்றது. அப்பொழுது குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. தறியை நம்பி வாழும் குடும்பத்தின் வீட்டில் நீர் புகுமாயின், உறைவிடம் மட்டுமன்று, பிழைப்பும் சேர்ந்தே நனைகின்றது.

மேட்டூரில் நீர் திறக்கும் செய்தி நொடிப்பொழுதில் நம்மை எட்டும். நீர் வந்து சேரவோ சில மணி நேரம் ஆகும். அவ்விடைவெளியே உயிர் காக்கும் பொழுதாகும். மலையோடைகளும் தொடர் ஏரிகளும் அத்துணைப் பொழுதைத் தருவதில்லை. 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை, பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்த நீர் சாலையில் நின்ற வண்டிகளை அடித்துச் சென்றது. விசுவேசுவரையா ஏரிகளை எண்ணியதன் அருமையை அந்நாள் நமக்கு நினைவூட்டிற்று.

இக்காலத்தில் வெள்ள இடர் வரைபடம் என ஒன்றை அறிஞர் உருவாக்குகின்றனர். முதலில் நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்து, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பர். அதன்மேல் ஆறு, ஓடை, ஏரி, கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைக் குறிப்பர். பல்லாண்டு மழைப் பதிவுகளைக் கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளம் எதுவரை பரவும், நூறாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளம் எதுவரை பரவும் என்று கணித்து வண்ணமிடுவர். நூறாண்டுக்கு ஒருமுறை என்பதற்கு, ஒருமுறை வந்துவிட்டால் நூறாண்டு வராது என்பது பொருள் அன்று. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். வானிலிருந்து செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களும் இப்பணிக்கு உதவுகின்றன. அப்படங்களை ஆராய்ந்து வெள்ளம் பரவிய இடங்களை வரையும் தேசியத் தொலையுணர்வு மையம், மூசி வெள்ளம் கண்ட அதே ஐதராபாத் நகரில் அமைந்திருப்பது மகிழத்தக்க பொருத்தமாகும்.

இவ்வளவும் நிலத்தைப் பற்றிய அறிவு. இதனோடு மக்களைப் பற்றிய அறிவும் சேர வேண்டும். எத்தெருவில் மண்வீடுகள் மிகுதி? எவ்வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கின்றார்? கைக்குழந்தையோடு தாய் இருப்பது எங்கே? ஆடு மாடுகளை ஓட்டிச் செல்ல மேட்டுநிலம் எங்கே உள்ளது? பள்ளிக்குச் செல்லும் வழியில் தரைப்பாலம் உள்ளதா? இவற்றை விண்ணிலுள்ள செயற்கைக்கோள் காணாது. ஊரில் வாழ்வோரே காண்பர். முன்னைய வெள்ளம் எந்தப் படிக்கட்டு வரையில் ஏறிற்று என்பதை அறிந்த பாட்டனார் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவர் கூறுவதைக் கேட்டு, நாளும் ஆண்டும் இட்டு எழுதி, அவ்வுயரத்தைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்து வைத்தலும் வெள்ளத்தை அளக்கும் பணியே. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையும் உண்மையும் இருந்தால் போதும்.

முடிவுரை

விசுவேசுவரையா மூசிக்கரைக்கு வந்தபோது மாண்டவர் மாண்டு போயினர். அவர்களை மீட்க யாராலும் இயலாது. பிறக்கப் போகும் மக்களுக்காகவே அவர் மழையை அளந்தார்; ஏரிகளை எண்ணினார்; ஆற்றின் வழியைத் தேடி நடந்தார். இரக்கம் உள்ளத்தில் தோன்றுவது. அவ்விரக்கம் பயன் தருவதற்கு அறிவின் துணை வேண்டும். அளவையும் கணக்கும் அருளற்றவர்க்குரிய உலர்ந்த கலைகள் என்று கருதுவோர் உண்டு. அவர்தம் வாழ்க்கை அக்கருத்தை மறுக்கின்றது. அளந்தறிதலும் அருளின் ஒரு வடிவமே.

காவிரியும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் நம்முடைய ஆறுகள். அவற்றின் கரையில் தாழ்விடத்தில் வாழ்வோர் நம்முடைய உறவினர். ஆற்றின் போக்கை அறிந்து வைத்தலும், ஏரியின் வரத்து வாய்க்காலையும் கலிங்கையும் அடைபடாமல் காத்தலும், மழைநாளில் நம்மினும் வலுக்குறைந்தார் வீட்டை முதலில் நினைத்தலும் நம் கடமைகளாகும். அக்கடமைகளை ஆற்றுவதே வெள்ளத்தை அளந்த அவ்வித்தகருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.